யேல்: கடலூர்க் கரையைத் தொட்ட ஓர் அரிய பெயர்

வடலூரில் எங்கள் தெருவில் வசிக்கும் மாணவி ஒருவர் அண்மையில் ஓர் ஐயத்துடன் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு இணையவழியில் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தில் 'குடும்பப்பெயர்' என்றொரு கட்டம்; அருகில் சிவப்பு நட்சத்திரக் குறி. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குச் செல்ல வழியில்லை. அவருடைய கடவுச்சீட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. பள்ளிச் சான்றிதழிலோ பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் மட்டுமே. "நம் குடும்பப்பெயர் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை, ஐயா" என்றார்.

அவருடைய தந்தை நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். நகரியக் குடியிருப்பில் அவர் வாழ்ந்த நாள்களில், ஒருபுறம் ரெட்டி, மறுபுறம் நாயர், எதிர்வீட்டில் முகர்ஜி. அவர்களுக்கெல்லாம் இருந்த ஒன்று தமக்கு மட்டும் இல்லை என்பது அவருக்கு அதுவரை ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.

குடும்பப்பெயர் என்பது எங்கிருந்து வருகிறது, எப்படிப் பரவுகிறது, எப்படி அழிகிறது என்பதை விளக்க உலகில் எத்தனையோ பெயர்களை எடுத்துக்கொள்ளலாம். ஆனால், மிகப் பொருத்தமான ஒன்று நம் கடலூர் மாவட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. அதைத் தாங்கியவர்கள் உலகில் என்றுமே மிகச் சிலர். ஆயினும் பெயரை அறியாத படித்தவர் எவருமில்லை. அந்தப் பெயர் 'யேல்'.

வடலூரிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில், கடலூர் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆறு கடலோடு சேரும் இடத்துக்கு அருகே, புனித டேவிட் கோட்டையின் எச்சங்கள் இருக்கின்றன. 1690-இல் செஞ்சியிலிருந்து ஆண்ட மராத்தியரிடமிருந்து இந்தக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக விலைக்கு வாங்கியவர், அப்போது சென்னையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் விற்பனையில் சேர்ந்தது. நிலத்தின் எல்லை எது? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவு போய் விழுகிறதோ அதுவரை. இருப்பதில் தொலைவாகச் சுடக்கூடிய பீரங்கியைத் தேர்ந்து கம்பெனியார் சுட்டனர். குண்டு விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்களெல்லாம் கம்பெனியின் உடைமையாயின. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அதனால் வந்தது. நில அளவை வரலாற்றில் இதைவிட எளிய முறையும், இதைவிட அநீதியான முறையும் இருக்க முடியுமா என்பது ஐயமே. கோட்டைக்கு வைத்த 'டேவிட்' என்ற பெயர் வேல்ஸ் நாட்டின் காவல் புனிதரைக் குறிக்கிறது என்பர். யேலின் மறைந்த மகனைக் குறிக்கிறது என்பாரும் உண்டு. அந்த மகனைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

யேல் என்பது பார்வைக்கு ஆங்கிலப் பெயர். உண்மையில் அது வேல்ஸ் மொழிச் சொல். வேல்ஸின் வடகிழக்கில் 'இயால்' என்றொரு மேட்டுநிலப் பகுதி உண்டு. விளைச்சல் தரும் மேட்டுநிலம் என்பதே அச்சொல்லின் பொருள். நம் ஊர்ப்பெயர்களில் வரும் கொல்லை, புன்செய், மேடு ஆகியவற்றின் உறவுக்காரச் சொல் என்று கொள்ளலாம். அங்கே லான்டெக்லா என்ற ஊருக்கு அருகிலிருந்த 'பிளாஸ் இன் இயால்', அதாவது இயால் மாளிகை, இந்தக் குடும்பத்தின் பூர்விக வீடு. நிலத்தின் பெயர் வீட்டுக்கு வந்தது. வீட்டின் பெயர் ஆளுக்கு வந்தது. ஆங்கிலேயர் நாவில் இயால் யேல் ஆனது.

இங்கே தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வேல்ஸ் மக்களுக்கும் நம்மைப் போலவே குடும்பப்பெயர் இருந்ததில்லை. மகன் தன் பெயரை முதலில் சொல்வான். பிறகு 'ஆப்' என்று சேர்த்துத் தந்தையின் பெயரைச் சொல்வான். 'ஆப்' என்றால் மகன். தேவைப்பட்டால் பாட்டன், பூட்டன் பெயர்களும் அதே சொல்லால் கோக்கப்பட்டு வரும். தலைமுறைதோறும் இரண்டாம் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். நம் தலைப்பெழுத்து முறையின் அதே இலக்கணம். நாம் தந்தையை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னே வைக்கிறோம், அவர்கள் முழுதாக விரித்துப் பின்னே வைத்தார்கள். அவ்வளவே வேறுபாடு.

இங்கிலாந்தின் நிலை வேறு. 1066-இல் நார்மானியர் படையெடுப்புக்குப் பின், நிலவுடைமையும் வரியும் தந்தைக்குப் பின் மகனுக்கு என்று ஏட்டில் ஏறத் தொடங்கியபோது, ஒரே பெயர் தலைமுறைகளுக்குத் தொடர வேண்டிய தேவை அரசுக்கு ஏற்பட்டது. அடுத்த சில நூற்றாண்டுகளில் கொல்லர் 'ஸ்மித்' ஆனார். தையற்காரர் 'டெய்லர்' ஆனார். ஜானின் மகன் 'ஜான்சன்' ஆனார். 1538-இல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டபின், அப்பெயர்கள் கல்லில் வெட்டியதுபோல் நிலைத்துவிட்டன.

அதே காலத்தில்தான் வேல்ஸ், 1536, 1542 ஆண்டுகளின் சட்டங்களால் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது. நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் ஆனது. நீண்ட வேல்ஸ் பெயர்கள் ஆங்கில எழுத்தர்களுக்குப் பெருந்தொல்லையாயின. வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை: நடுவர் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலை நீதிமன்றத்தில் வாசித்தார்கள். 'தாமஸ் ஆப் ரிச்சர்ட் ஆப் ஹவல் ஆப் இயூவன் வைகன்' என்று ஒருவர் பெயர் நீண்டுகொண்டே போனது. தலைமை வகித்த ரோலண்ட் லீ என்ற ஆயர் பொறுமையிழந்து, "இனி வீட்டின் பெயரையே உன் பெயராக வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டாராம். அவர் வீட்டின் பெயர் மோஸ்டின். அன்று முதல் அக்குடும்பம் மோஸ்டின் குடும்பம். எங்கள் தெரு மாணவிக்குச் சிவப்பு நட்சத்திரம் செய்ததை, அந்த நாளில் ஓர் ஆயர் செய்திருக்கிறார்.

எல்லாருக்கும் பெயர் சொல்லும்படியான வீடு இருக்கவில்லை. மாளிகை உள்ள சிலர் மோஸ்டின் என்றும் யேல் என்றும் நிலத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டனர். மற்றவர்கள் அந்த நேரத்தில் தந்தைக்கு என்ன பெயரோ அதையே உறையவைத்தனர். 'ஆப் ரைஸ்' பிரைஸ் ஆனது; 'ஆப் ஹவல்' பவல் ஆனது; 'ஆப் ரிச்சர்ட்' பிரிச்சர்ட் ஆனது. ஜான், டேவிட், வில்லியம் என்று தந்தையர் பெயர்கள் சிலவே புழக்கத்தில் இருந்ததால், ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ் என்ற சில பெயர்களுக்குள் ஒரு நாடே அடங்கிவிட்டது. இன்றும் வேல்ஸ் ஊர்களில் பால்காரர் ஜோன்ஸ், கறிக்கடை ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் விளங்கும். ஆளை அடையாளம் காட்டுவதற்காகப் புகுத்திய ஏற்பாடு, அடையாளத்தையே அழித்துவிட்டது. யேல் போன்ற இடப்பெயர்கள் அங்கே அரிதாக இருப்பதன் காரணமும் இதுவே.

அரிய பெயர் பிழைத்திருப்பது எளிதன்று. தந்தை வழியில் மட்டும் செல்லும் பெயர், ஒரு தலைமுறையில் ஆண்மகவு இல்லையென்றால் அந்தக் கிளையில் முடிந்துபோகும். இங்கிலாந்தின் பழைய உயர்குடிப் பெயர்கள் மறைந்துவருவதைக் கண்ட பிரான்சிஸ் கால்டன், இதை ஒரு கணிதப் புதிராக 1873-இல் வெளியிட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடைகாண முயல, இருவரும் சேர்ந்து 1874-இல் கட்டுரை எழுதினர். வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் தம் அறைக்குள் சென்று திருக்கதவைச் சாத்திக்கொண்டதும் அதே ஆண்டில்தான். எல்லாக் குடும்பப்பெயர்களும் இறுதியில் அழிந்தே தீரும் என்று வாட்சன் முடிவு கட்டினார். அது பிழை. சராசரியாக ஒரு தந்தைக்கு ஒரு மகனுக்கு மேல் இருக்குமானால் பெயர் பிழைக்க வாய்ப்பு உண்டு என்பதே சரியான விடை. ஆயினும், தொடக்கத் தலைமுறைகளில் தாங்குவோர் சிலராக இருக்கும் பெயருக்கு ஆபத்து மிகுதி என்ற அடிப்படை உண்மை மாறவில்லை. இன்று மரபணுப் பரவல், அணுக்கருப் பிளவின் தொடர்வினை, தொற்றுநோய்ப் பரவல் ஆகிய அனைத்துக்கும் இதே கணக்கு பயன்படுகிறது. குடும்பப்பெயர் பற்றிய கவலையிலிருந்து பிறந்த கணக்கு அது.

யேல் பெயருக்கு நேர்ந்ததும் இதன் ஓர் எடுத்துக்காட்டுதான். எலிஹு யேலின் பாட்டி ஆன், முதற்கணவர் இறந்தபின் தியோபிலஸ் ஈட்டன் என்பவரை மணந்தவர். 1637-இல் அவர்கள் பிள்ளைகளுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அப்பிள்ளைகளில் டேவிட் யேலின் மகனாக எலிஹு 1649-இல் பாஸ்டனில் பிறந்தார். குழந்தைக்கு மூன்று வயதிருக்கும்போது தந்தை குடும்பத்துடன் இங்கிலாந்து திரும்பிவிட்டார். எலிஹு அதன்பிறகு அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. ஆனால், சித்தப்பா தாமஸ் யேல் நியூ ஹேவனில் தங்கிவிட்டார். அமெரிக்காவில் அப்பெயரைப் பரப்பியது தாமஸின் கிளை.

எலிஹு 1672-இல், ஆண்டுக்கு 10 பவுன் சம்பளத்தில், கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். 1680-இல் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் எழுந்தபோது அங்கே நடந்த முதல் திருமணம் அவருடையது. மணமகள் கேத்தரின், ஜோசப் ஹின்மர் என்ற கம்பெனி அதிகாரியின் கைம்பெண். இந்த மணத்தில் பெண்மக்கள் வளர்ந்து ஆளாயினர். ஒரே மகன் டேவிட், நான்கு வயது நிறையும் முன்பே 1688 சனவரியில் சென்னையில் இறந்தான். ஹின்மரை அடக்கம் செய்த கல்லறையிலேயே அவனையும் அடக்கம் செய்தனர். சென்னை உயர்நீதிமன்றத்தை ஒட்டிய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூம்பு வடிவில் நிற்கும் அந்தக் கல்லறையைப் பலரும் பார்த்திருப்பர். ஒரு காலத்தில் அங்கே ஐரோப்பியர் இடுகாடே இருந்தது. 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, அவருடைய படையினர் கல்லறைகளை மறைவிடமாகப் பயன்படுத்தினர். முற்றுகை ஓய்ந்தபின் இடுகாட்டை அகற்றிவிட்டார்கள். கல்லறைப் பலகைகள் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதிக்கப்பட்டன. தப்பிய மிகச் சிலவற்றில் இந்தக் கூம்பும் ஒன்று. அண்மை ஆண்டுகளில் இதை இடம்மாற்ற வேண்டும் என்று நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. அதே லாலி, சென்னைக்கு வருமுன்பே 1758-இல், நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்துவிட்டார்.

ஆக, எலிஹு யேலின் பெயரை அவர் குடும்பத்தில் கொண்டுசெல்ல வேண்டியவன் சென்னை மண்ணுக்குள் போய்விட்டான். கணக்குப்படி அவருடைய கிளையில் அந்தப் பெயர் அத்தோடு ஒழிந்திருக்க வேண்டும். அதைக் காப்பாற்றியது குருதி உறவு அன்று, பணம்.

எழுத்தராக வந்தவர் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தார். முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளால் பதவி பறிபோன பின்னும் 1699 வரை சென்னையிலேயே இருந்து, வைர வணிகம் உள்ளிட்ட சொந்தத் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்தார். அவர் ஆண்ட காலத்தில் சென்னைத் துறைமுகத்தின் வழியே அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். லண்டன் திரும்பிய செல்வருக்கு ஒரு நாள் அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. கனெக்டிகட்டில் 1701-இல் தொடங்கிய சிறு கல்லூரி ஒன்று கட்டடம் முடிக்கப் பணமின்றித் தவித்தது. உதவினால் கல்லூரிக்கே அவர் பெயரை வைக்கலாம் என்றும், பிள்ளைகளைவிட அத்தகைய பெயர் நீடித்திருக்கும் என்றும் காட்டன் மாதர் என்ற பாதிரியார் நயமாக உணர்த்தியிருந்தார். மகனை இழந்த தந்தையிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

யேல் பணமாக அனுப்பவில்லை. 1718-இல் ஒன்பது பொதி சரக்கு, 417 நூல்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று ஆகியவை பாஸ்டனில் இறங்கின. சரக்குப் பொதிகளில் காலிக்கோவும் மஸ்லினும் இருந்தன. பொதிகளை விற்றதில் ஏறத்தாழ 562 பவுன் கிடைத்தது. அந்த விலைக்கு ஒரு பெயர் முந்நூறு ஆண்டுகளாக உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு மலிவாக இறவாமையை வாங்கியவர் வேறெவரும் இருப்பதாகத் தெரியவில்லை. சோழமண்டலக் கரையின் தறிகளில் நெய்த துணிகளே கம்பெனியின் முதன்மையான ஏற்றுமதி. கடலூர்க் கோட்டையை வாங்கியதன் நோக்கங்களில் ஒன்றும் அந்தத் துணி வணிகமே. அந்த நெசவாளர் எவர் பெயரும் எந்தக் கட்டடத்திலும் இல்லை. அடிமை முறையோடு தனக்கிருந்த வரலாற்றுத் தொடர்புகளுக்காக யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

பெயரின் மற்றொரு பயணம் நம் வீட்டு வாசல்வரைக்கும் வந்திருக்கிறது. நியூ ஹேவனில் தங்கிய தாமஸ் யேலின் வழியில் வந்த லைனஸ் யேல் என்பவர், பழங்கால எகிப்தியர் மரப்பூட்டில் கையாண்ட முள் தத்துவத்தைச் செம்மைப்படுத்தி, சிறிய தட்டைச் சாவியால் திறக்கும் பூட்டை 1860-களில் உருவாக்கினார். 1868-இல் அவர் மறைந்தாலும் அந்த ஆண்டு தொடங்கிய நிறுவனம் பூட்டோடு பெயரையும் உலகெங்கும் கொண்டுசென்றது. இன்று நம் கதவுகளில் இருக்கும் தட்டைச் சாவிப் பூட்டுகளில் பெரும்பாலானவை அதே அமைப்பின் வழிவந்தவை. மூலப்பெயர் பிறந்த வேல்ஸில் 'லானார்மன் இன் இயால்' என்ற ஊர் இன்றும் இருக்கிறது. அதற்கு அண்மையில் ரெக்ஸம் நகரத் தேவாலய முற்றத்தில் 1721-இல் எலிஹு யேல் அடக்கமானார். அந்தத் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துக் கட்டிய கோபுரம் ஒன்று அமெரிக்காவில் யேல் வளாகத்திலும் நிற்கிறது. ஆக, இயால், நியூ ஹேவன், சென்னை ஆகிய மூன்று புள்ளிகளே இந்தப் பெயரின் நிலவியல் வரைபடம். அவற்றில் ஒன்று வெறும் கல்லறை.

இனி நம் கதை. தமிழரிடமும் பெயருக்குப் பின்னால் ஒட்டு இருந்தது. ஆனால் அது குடும்பத்தின் பெயர் அன்று, சாதியின் பெயர். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. அடுத்த இரண்டு தலைமுறைக்குள் தமிழ்நாட்டுப் பெயர்களின் வால்பகுதி பெரும்பாலும் உதிர்ந்தது. இந்தியாவில் வேறெந்தப் பெரிய மாநிலமும் செய்யாத செயல் அது. ஆனால், அதற்கும் அறுபது ஆண்டுகள் முன்பே வடலூரில் ஒருவர் தாமாக அதைச் செய்திருந்தார். மருதூரில் இராமையா பிள்ளையின் மகனாகப் பிறந்த வள்ளலார், தம் கடிதங்களிலும் அறிவிப்புகளிலும் 'சிதம்பரம் இராமலிங்கம்' என்றே கையொப்பமிட்டார். பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லை. முன்னால் தலத்தின் பெயர். 'சாமி' என்று சேர்த்து அழைப்பதைக்கூட ஆரவாரம் என்று கருதித் தவிர்க்கச் சொன்னவர் அவர்.

ஊரை முன்னால் வைப்பது நம் பழைய வழக்கு. முந்தைய தலைமுறையினர் பலருக்கு இரண்டு தலைப்பெழுத்துகள் இருக்கும். முதலாவது ஊர், இரண்டாவது தந்தை. காலப்போக்கில் ஊரின் எழுத்து கழன்றது. நெய்வேலிப் பகுதியில் இதற்குக் கூடுதலாக ஒரு வலி உண்டு. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்து இடம்பெயர்ந்தவர்களுக்கு, தம் பழைய ஊரின் எழுத்தைத் தவிர அந்த ஊரின் அடையாளம் வேறொன்றும் எஞ்சவில்லை. 1956-இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் நெய்வேலி என்ற சிற்றூரின் பெயரைத் தன் பெயராக்கி உலகறியச் செய்தது. அதே மண்ணில் வேறு ஊர்களின் பெயர்கள் சில முதியவர்களின் கையொப்பத்தில் மட்டும் உயிர்வாழ்கின்றன.

இப்போது மூன்றாவது மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா நுழைவு இல்லை என்று அறிவித்தபோது விமான நிறுவனங்கள் பயணிகளை எச்சரித்தன. தந்தை பெயரோ குடும்பப்பெயரோ கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அமெரிக்க நுழைவுச்சீட்டில் ஒற்றைப் பெயர்க்காரரின் பெயர் குடும்பப்பெயராகிவிடும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான மூன்று எழுத்துகள் அவருடைய முதற்பெயராகும். இத்தகைய இடர்களுக்கு அஞ்சிப் பெற்றோர் தந்தையின் பெயரைக் குழந்தையின் குடும்பப்பெயராகக் கடவுச்சீட்டில் பதிந்துவிடுகின்றனர். பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறக்கும்போது வெளிநாட்டில் வாழ்வோர் பாட்டனின் பெயரையே பேரனுக்கும் தொடர்கிறார்கள். வேல்ஸில் நானூறு ஆண்டுகளுக்கு முன் தந்தையின் பெயர் உறைந்ததுபோல் இங்கே ஒரு தலைமுறை உறைந்துகொண்டிருக்கிறது. குமார், முருகன், செல்வம், ராஜா என்று சில நூறு பெயர்களே இந்தத் தலைமுறைத் தந்தையரிடம் மிகுதி. நாளை அவையே நம் ஜோன்ஸும் டேவிஸும் ஆகலாம்.

தாயின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதுவோர் இன்று பெருகிவருகின்றனர். அதற்கு எந்தக் கணினிக் கட்டத்திலும் இடமில்லை. இந்தியக் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் கட்டாயம் அன்று. நம் வழக்கத்தை நம் அரசு ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது. தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-இல் ஆணையிட்ட தமிழ்நாடு அரசு, அந்தத் தலைப்பெழுத்து வெளிநாட்டுப் படிவத்தில் எவ்வாறு விரிய வேண்டும் என்பதற்கும் ஒரே சீரான நெறிமுறை வகுத்துப் பள்ளிச் சான்றிதழிலேயே அச்சிட்டுத் தரலாம். ஊர்ப்பெயரை விரித்துக் குடும்பப்பெயராக வைக்க விரும்புவோருக்கு அதற்கும் வழி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இயால் என்ற மேட்டுநிலத்துக்குக் கிடைத்த வாய்ப்பு நம் கொல்லைகளுக்கும் குப்பங்களுக்கும் ஏன் கிடைக்கக்கூடாது?

அந்த மாணவிக்கு அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது; விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கிவிட்டது. தந்தையின் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். அடுத்த நாளே பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. 'அன்புள்ள முருகன்' என்று தொடங்கிய அதை அவருடைய தந்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இது எனக்கா, உனக்கா?" என்று மகளிடம் கேட்டாராம்.